தனியாகச் செருகினால் ஓடுகிறது, சேர்த்துச் செருகினால் படுத்துவிடுகிறது: யூ.எஸ்.பி. தகராறுக்கு விரிவான பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வீட்டிலிருந்து இணையம் வழியாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறீர்கள். மேசைக் கணினி, விண்டோஸ் 10. முகத்தைக் காட்ட ஒரு வெப்கேம், தாளில் எழுதுவதை மேலிருந்து காட்ட இன்னொரு வெப்கேம், ஒரு யூ.எஸ்.பி. மைக், வகுப்பைப் பதிவு செய்து வைக்க 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க். இந்த நான்கும், முன்பக்கத்து நீல (யூ.எஸ்.பி. 3.0) போர்ட்டில் மாட்டிய, தனி மின் அடாப்டர் இல்லாத நான்கு போர்ட் ஹப்பில் (ஒரு போர்ட்டை நான்காக்கும் பெட்டி) இருக்கின்றன. வயர்லெஸ் கீபோர்டு, மவுஸுக்கான டாங்கிள் பக்கத்து போர்ட்டில். பிரின்டர் பின்பக்கம், ஒவ்வொரு முறையும் ஒரு போர்ட்டில். ஒவ்வொன்றையும் தனியாகச் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது. சேர்த்து வைத்தால் இரண்டாவது கேமரா கறுப்பாகிறது, பதிவின் நடுவே ஹார்ட் டிஸ்க் காணாமல் போகிறது, மவுஸ் தடுக்கித் தடுக்கி நகர்கிறது, பிரின்டர் ஆஃப்லைன் என்கிறது. கடைக்காரர் "ஐ.ஆர்.க்யூ. மோதல், ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட வேண்டும்" என்கிறார். போடலாமா?

வேண்டாம். உங்கள் நான்கு தொல்லைகளுக்கும் காரணம் நான்கு வேறு வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட விண்டோஸைப் புதிதாகப் போட்டால் தீராது. பிரின்டர் விஷயம் வேண்டுமானால் தற்காலிகமாக மறையும், அவ்வளவுதான்.

கடைக்காரர் சொன்னது முழுக்கக் கற்பனையும் இல்லை. யூ.எஸ்.பி. வருவதற்கு முன் கணினியில் 0 முதல் 15 வரை பதினாறு ஐ.ஆர்.க்யூ. தடங்கள்தான் (கருவிகள் கணினியின் கவனத்தைக் கூப்பிடும் வழிகள்) இருந்தன. சவுண்ட் கார்டு 5, பிரின்டர் போர்ட் 7 என்று ஒவ்வொன்றும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மவுஸ், மோடம் மாட்டும் காம் போர்ட்டுகளில் காம் 1, காம் 3 இரண்டுக்கும் எண் 4. காம் 2, காம் 4 இரண்டுக்கும் எண் 3. மவுஸைக் காம் 1-லும் மோடத்தைக் காம் 3-லும் வைத்தால், இணையத்தில் நுழைந்ததும் மவுஸ் உறைந்து போகும். அதைத்தான் அப்போது மோதல் என்றோம். கார்டைக் கழற்றி ஜம்பரை மாற்றி மாட்டுவோம். 1996-இல் யூ.எஸ்.பி. வந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே இந்தத் தலைவலியை ஒழிப்பதுதான்.

யூ.எஸ்.பி.யில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். செருகப்படும் ஒவ்வொரு கருவிக்கும் அதுவே ஒரு எண் கொடுக்கும். ஒரு கன்ட்ரோலரின் கீழ் 127 வரை போகலாம். உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே சொல்வதானால், ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பையன் வாய் திறக்கலாம் என்கிற வகுப்பு அது. இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ள அங்கே வழியே இல்லை. ஆனால் எல்லாமே சில பொதுச் சொத்துகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன: ஹப்புக்கு வரும் மின்சாரம், அந்த ஒற்றைக் கேபிளில் போகும் தரவின் அளவு, சுற்றியிருக்கும் ரேடியோ அலை, அப்புறம் விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல். எது தீர்ந்துபோனது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

எதையும் பிடுங்குவதற்கு முன் எது எதன் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மேலே வியூ மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்று மாற்றினால் பட்டியல் மரம்போல விரியும். அதில் 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்'பைத் தேடி விரித்துக்கொண்டே போனால் உங்கள் ஹப்பும் அதற்குக் கீழே தொங்குபவையும் தெரியும். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் 'யூஎஸ்பி ட்ரீ வியூ' என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. எந்தக் கருவி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது, எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டும். நான் இந்த நிரல் இல்லாமல் யூ.எஸ்.பி. சிக்கலில் கை வைப்பதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் நீல ஹப் அந்த மரத்தில் இரண்டு ஹப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். 3.0 ஹப் ஒவ்வொன்றுக்குள்ளும் 5 கிகாபிட் வேகத்துக்கு ஒரு ஹப், பழைய 2.0 கருவிகளுக்கு ஒரு ஹப் என்று தனித்தனி வயர்களோடு இரண்டு இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் முதலாவதன் கீழும், கேமராக்களும் மைக்கும் இரண்டாவதன் கீழும் நிற்கும். கேமரா கதைக்கு இது தேவைப்படும்.

முதலில் ஹார்ட் டிஸ்க். இதுதான் அவசரம், ஏனென்றால் இதில் தரவு போய்விடும்.

விதிப்படி ஒரு 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும், 3.0 போர்ட் 900. அடாப்டர் இல்லாத ஹப்புக்கு மின்சாரம் வர அந்த ஒரு போர்ட்டைத் தவிர வேறு வழியில்லை. ஆக மொத்தம் 900. அதில் ஹப்பும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை நான்கு பேர் பகிர வேண்டும். ட்ரீ வியூவில் ஹார்ட் டிஸ்க் மேல் க்ளிக் செய்தால் பெரும்பாலும் 896 என்று காட்டும். 3.0 கருவிகள் தங்கள் தேவையை 8-இன் மடங்காகத்தான் எழுத முடியும் என்பதால் 900-க்குப் பதில் இந்த 896. கேமரா ஒவ்வொன்றும் வழக்கமாக 500 என்று எழுதி வைத்திருக்கும், மைக் 100. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 2,000 வருகிறது. இருப்பது 900.

எல்லாமே எழுதி வைத்த அளவை எப்போதும் இழுப்பதில்லை. கேமரா பாதிகூட எடுக்காமல் இருக்கலாம். அதனால்தான் பாதி நேரம் ஓடுகிறது. ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடி மட்டும் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். நீங்கள் முதல் அரைமணி நேரம் பாடம் எடுக்கிறீர்கள், டிஸ்க் சும்மா இருந்து தூங்கிப் போகிறது, பிறகு பதிவு பொத்தானை அழுத்துகிறீர்கள். இரண்டு கேமராவும் எரிந்துகொண்டிருக்கும்போது டிஸ்க் எழுந்து சுழல முயல்கிறது. மின்னழுத்தம் சட்டென்று இறங்குகிறது. டிஸ்க் 'டிக், டிக்' என்று இரண்டு முறை தட்டிவிட்டு மயங்குகிறது. கணினி அந்த 'டு-டும்' சத்தத்தைப் போடுகிறது.

இப்படியிருந்தும் விண்டோஸ் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஹப் அடாப்டர் இல்லாதது என்று நேர்மையாகச் சொன்னால் எச்சரிக்கும். மலிவு ஹப்புகள் பல, தங்களுக்குச் சொந்தமாக மின்சாரம் இருப்பதாகவே கணினியிடம் சொல்கின்றன. கணினியும் அதை நம்பிவிடுகிறது.

உறுதி செய்து பார்க்க: விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். டிஸ்க் மறைந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 157 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க் பிடுங்கப்பட்டது என்று கணினி எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் மின்சாரமோ கேபிளோதான் பிடுங்கியிருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டரைப் போர்ட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். 5-ஐ ஒட்டி நிற்க வேண்டிய எண், டிஸ்க் எழும் தருணத்தில் 4.75-க்கும் கீழே போனால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

தீர்வு செலவில்லாதது. ஹார்ட் டிஸ்க்கை ஹப்பிலிருந்து எடுத்து, கணினியின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் நீல போர்ட்டில் நேரடியாக, அதனுடனே வந்த குட்டைக் கேபிளால் மாட்டுங்கள். முன்பக்கத்து போர்ட்டுகள் பெட்டிக்குள் ஒரு நீளமான வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. மலிவு கேபினெட்டுகளில் அந்த வயர் மெலிசு. வழியிலேயே மின்னழுத்தம் குறையும். பதிவு செய்யும் டிஸ்க், பின்பக்கம். இதில் பேரம் கிடையாது.

டிஸ்க் நடுவில் அறுந்த ஒவ்வொரு முறையும் கோப்பு அமைப்பு அடி வாங்கியிருக்கும். மாற்றிய கையோடு, முக்கியமான பதிவுகளை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதியில் 'செக்' கொடுத்துச் சரிபாருங்கள். நகல் எடுப்பது முதலில், சரிபார்ப்பது பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது.

அடுத்தது கேமரா. இங்கே மின்சாரம் குற்றவாளி இல்லை, கணக்குதான்.

உங்கள் இரண்டு வெப்கேமும் 2.0 வகை. சந்தையில் இருக்கும் சாதாரண வெப்கேம்கள் பெரும்பாலும் அப்படித்தான். 2.0-இன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். கேமரா, மைக் போன்ற இடைவிடாமல் ஓட வேண்டிய கருவிகளுக்கு அதில் 80 சதவீதத்துக்கு மேல் முன்பதிவு கொடுக்கக் கூடாது என்பது விதி. 60-இல் 80 சதவீதம் 48. ஒரு கேமரா அதிகபட்சமாக எவ்வளவு முன்பதிவு கேட்கலாம்? விநாடிக்கு 8,000 தவணை, தவணைக்கு 3 பொட்டலம், பொட்டலத்துக்கு 1,024 பைட். பெருக்கினால் 24.5 மெகாபைட்டுக்குச் சற்று மேல். இரண்டு கேமராவுக்கு 49-ஐத் தாண்டுகிறது. இருக்கும் இடம் 48. இரண்டாவது கேமராவுக்கு 'இடமில்லை' என்று கன்ட்ரோலர் சொல்லிவிடுகிறது. உங்கள் திரையில் கறுப்புச் சதுரம் தெரிகிறது. நூலிழையில் தோற்கிறது, பாருங்கள்.

நிஜத்தில் அந்த அளவுக்குப் படம் ஓடுகிறதா என்பது வேறு விஷயம். பல கேமராக்கள் தேவை குறைவாக இருந்தாலும் பெரிய இடத்தையே முன்பதிவு செய்துகொள்ளும். அமுக்கப்படாத படம் என்றால் 640-க்கு 480 அளவில், விநாடிக்கு 30 சட்டகத்தில் (ஃப்ரேம்), 18 மெகாபைட்டுக்கு மேல் போகும். அதே படத்தை எம்ஜேபெக் என்ற அமுக்கிய வடிவில் அனுப்பச் சொன்னால் பல மடங்கு குறைந்துவிடும். நீங்கள் வகுப்பைப் பதிவு செய்ய ஓ.பி.எஸ். என்ற நிரலைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அதில் கேமராவின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ரெசல்யூஷனைக் 'கஸ்டம்' ஆக்கி, வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். தாளைக் காட்டும் கேமராவுக்கு விநாடிக்கு 15 சட்டகம் தாராளம். பேனா நகர்வது தெரிந்தால் போதாதா?

இதோடு, இரண்டு கேமராவையும் ஒரே ஹப்பில் வைக்காதீர்கள். "இதைவிட வேகமான 3.0 ஹப் வாங்கினால் சரியாகுமா" என்றால் ஆகாது. மேலே சொன்னேனே, நீல ஹப்புக்குள்ளும் பழைய கருவிகளுக்கு ஒரே ஒரு 480 தடம்தான். எவ்வளவு விலையுயர்ந்த ஹப் ஆனாலும் 2.0 கேமராக்கள் அந்த ஒற்றைத் தடத்தில்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். ஒரு கேமராவை முன்பக்கத்திலும் இன்னொன்றைப் பின்பக்கத்திலும் நேரடியாக மாட்டினால், கடந்த பத்தாண்டு மதர்போர்டுகளில் பெரும்பாலும் இரண்டும் எழுந்துவிடும். அதற்கும் பழைய இயந்திரங்களில் பல போர்ட்டுகள் ஒரே கன்ட்ரோலரின் 480-ஐப் பகிரும். மர வரைபடத்தில் இரண்டு 'ஹோஸ்ட் கன்ட்ரோலர்' தெரிந்தால் கேமராவுக்கு ஒன்றாகப் பிரித்து மாட்டுங்கள்.

கேமரா கறுப்பாவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. ஒரே கேமராவை இரண்டு நிரல்கள் கேட்பது. ஓ.பி.எஸ். பிடித்து வைத்திருக்கும் கேமராவை ஜூமில் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் கிடைக்காது. ஜூமில் ஓ.பி.எஸ்.-இன் வர்ச்சுவல் கேமராவைக் கொடுங்கள். போர்ட் மாற்றுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் தடுக்குவதுதான் இதில் சுவாரசியமானது. ஆட்கள் மவுஸையே மாற்றிவிடுகிறார்கள், புது மவுஸும் அதே போலத் தடுக்கும். 3.0 தடத்தில் 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது கேபிளும் கனெக்டரும் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் நன்றாக விழுகிறது. வயர்லெஸ் மவுஸ், ப்ளூடூத், பழைய வைஃபை எல்லாம் பேசுவது அங்கேதான். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உங்கள் டாங்கிளோ நீல ஹப்பின் கேபிளுக்கு ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் பதிவு ஓடும்போது மட்டும் மவுஸ் தடுக்குகிறதா, பதிவை நிறுத்தினால் சரியாகிறதா? அப்படியென்றால் சந்தேகமே இல்லை.

டாங்கிளை ஒரு 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசை மேல், மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுங்கள். ஓர் அடி, இரண்டு அடி விலகினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கணினி வைஃபையில் ஓடுகிறது என்றால் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறிவிடுங்கள். வகுப்பின் நடுவே "மிஸ், வாய்ஸ் கட் ஆகுது" என்று பிள்ளைகள் சொல்வதிலும் இதற்குப் பங்கு இருக்கக்கூடும்.

பிரின்டர் எளிது. நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு போர்ட்டில் மாட்டியிருக்கிறீர்கள். பல கருவிகளை விண்டோஸ் செருகிய போர்ட்டை வைத்தே அடையாளம் காண்கிறது. போர்ட் மாறினால் இது வேறு பிரின்டர் என்று நினைத்து, 'காப்பி 1' என்ற பெயரில் இன்னொன்றைப் பதிந்துகொள்ளும். நீங்கள் அச்சிடச் சொல்வது பழைய பெயருக்கு. அது ஆஃப்லைனில் கிடக்கிறது. பிரின்டர்ஸ் பட்டியலில் எது வெளிறிக் கிடக்கிறதோ அதை நீக்கிவிட்டு, மிச்சமுள்ளதை டீஃபால்ட் ஆக்குங்கள். 'டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்கிற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் போர்ட்டை மாற்றாதீர்கள். பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி 'பிரின்டர்' என்று எழுதி வையுங்கள்.

மைக்குக்கும் ஒரு வார்த்தை. வெப்கேமுக்குள்ளும் ஒரு மைக் இருக்கிறது. கேமராவைப் புதிதாக ஒரு போர்ட்டில் மாட்டும்போது சில சமயம் விண்டோஸ் அதையே முதல் மைக்காக எடுத்துக்கொள்ளும். சவுண்ட் அமைப்பில் இரண்டு கேமராவின் மைக்கையும் டிசேபிள் செய்துவிட்டால் இந்தக் குழப்பம் போயிற்று. மைக் சிறிது நேரம் சும்மா இருந்தபின் செத்துப்போகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலெக்டிவ் சஸ்பென்ட்' என்பதை அணைத்துப் பாருங்கள். மேசைக் கணினியில் அதனால் மிச்சமாகும் மின்சாரம் ஒன்றும் பெரிதில்லை.

இவற்றையெல்லாம் மாற்றும்போது டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்ற பிழையோடு ஏதாவது கருவி மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால், ஷட் டவுன் செய்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு "ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்" என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். டிரைவர்களின் நிலையை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டு அப்படியே எழும். போதாததற்குப் பல மேசைக் கணினிகளில் அணைத்த பிறகும் யூ.எஸ்.பி. போர்ட்டில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், ஹப்பில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பவர் பொத்தானை ஓர் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் குழம்பிக் கிடக்கும் கருவிகள் பாதி இதிலேயே தெளிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். உங்களுடையது ஏ.எம்.டி. 500 வரிசை சிப்செட் மதர்போர்டாக இருந்து, எந்தப் போர்ட்டில் மாட்டினாலும் எல்லாக் கருவிகளும் ஒரு கணம் அறுந்து அறுந்து வந்தால் அது உங்கள் கையில் இல்லை. 2021-இல் அந்தக் கோளாறை ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்டு, ஏஜிசா 1.2.0.2 என்ற திருத்தத்தைக் கொடுத்தது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அதற்குப் பிந்தைய பயாஸை (மதர்போர்டின் அடிப்படை நிரல்) போட வேண்டும். அதை யு.பி.எஸ். இல்லாத வீட்டில், மின்வெட்டு நேரத்தில் செய்யாதீர்கள்.

சரி, உங்கள் மேசைக்கு என் ஏற்பாடு இது. ஹார்ட் டிஸ்க் பின்பக்க நீல போர்ட்டில். தாள் கேமரா பின்பக்கக் கறுப்பு (2.0) போர்ட்டில், முக கேமரா முன்பக்கத்தில் நேரடியாக. பிரின்டர் பின்பக்கம், டேப் ஒட்டிய இடத்தில். டாங்கிள் எக்ஸ்டென்ஷனில் மேசை மேல். ஹப்பில் மைக்கும், எப்போதாவது செருகும் பென் டிரைவும் மட்டும்.

போர்ட் போதவில்லை என்றால் அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டராவது இருக்கட்டும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: கணினியின் மின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு ஹப்பின் அடாப்டரை மட்டும் போடுங்கள். கணினியில் ஏதாவது விளக்கு மினுங்கினாலோ விசிறி அசைந்தாலோ, அந்த ஹப் மின்சாரத்தைக் கணினிக்குள் பின்னோக்கித் தள்ளுகிறது. மதர்போர்டுக்கு ஆகாது, அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.